மோசே பாலம்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு போகலாமா?

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவனில். ஊரிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டுவிட்டார்: "அந்தத் தண்ணிக்குள்ள போற பாலம் இங்கதானே இருக்கு?"

வேலூரில் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ அனுப்பிய படம். 'ஜெர்மனியில் அதிசயம்' என்று மேலே எழுதியிருந்தது. தேடிப் பார்த்தால் ஜெர்மனியாவது ஒன்றாவது. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தானாம், ஹால்ஸ்டெரன் ஊருக்குப் பக்கத்தில் டெ ரோவெரெ கோட்டை. அதன் அகழிக்குக் குறுக்கேதான் இந்தப் பாலம். மோசே பாலம் என்கிறார்கள். அம்மா படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில், செங்கடல் பிளந்த கதை அவருக்கு மனப்பாடம். அதனால் ஆவல் இன்னும் கூடிவிட்டது.

அம்மாவுக்கு 68 வயது. இடது முழங்காலில் தேய்மானம். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டம். கூடவே என் மகள், நாலு வயது, பாதி தூரத்தில் தள்ளுவண்டி கேட்பாள். அங்கே படிகள் எப்படி? தள்ளுவண்டி போகுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, போய்ப் பார்க்கிற அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். "இதுக்கா இவ்வளவு தூரம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், விசா முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

சிவில்காரன்:

போயிருக்கிறேன். போட்டோவுக்கு நல்ல இடம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்கென்று தனியாக ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம். ஸீலாந்து கடற்கரைக்குப் போகும்போது வழியில் இறங்கிப் பாருங்கள்.

தேங்காய்ப்பத்தை:

தம்பி, பத்து நிமிடம் என்பது பாலத்துக்கு மட்டும் சரி. பாலத்தை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். ரோசன்டாலுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. காலில் தெம்பு இருக்கிற நாளில் கோட்டை எனக்கு சைக்கிள் தூரம்தான். மூன்று முறை போயிருக்கிறேன், அதில் ஒரு முறை மாமியாரோடு. முழங்கால் விஷயத்தில் என் பேச்சை நம்பலாம்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. அது வெளிக்கரையில், பாலத்துக்கு நேர் எதிரே நின்று எடுத்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழும்பி நிற்கிற மாதிரி தெரியும். போய்ப் பார்த்தால் சுவர் மரப்பலகைதான். உள்ளே இறங்கி நின்றால் எனக்கு மார்பளவு வரும், நான் உயரம் கம்மி. பலகையின் மேல்விளிம்புக்கும் வெளியே நிற்கிற தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இருக்காது. தலைக்கு மேலே தண்ணீர் நிற்கும் என்று கற்பனை செய்துகொண்டு போனால் சப்பென்று ஆகிவிடும். செங்கடல் எல்லாம் இல்லை என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஆனால் அந்த முதல் தடவை நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளிக்கரையோடு நடந்து வருகிறேன். அகழி தெரிகிறது. அந்தப் பக்கம் புல் மூடிய மண்மேடு தெரிகிறது. பாலத்தைக் காணோம். தண்ணீர் ஒரே பரப்பாகக் கிடக்கிறது. போனில் வரைபடத்தைத் திறந்தால் பாலத்தின் மேலேயே நான் நிற்பதாகக் காட்டுகிறது. சரி, போன்தான் குழம்பிவிட்டது என்று நினைத்த நேரத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு தலை போனது. சிவப்புக் குல்லா போட்ட தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. நிதானமாக, யாருடனோ பேசிக்கொண்டே போனது. பின்னாலேயே ஒரு நாய் குரைக்கும் சத்தம், நாயைக் காணவில்லை. எனக்கு ஒரு நிமிடம் பகீரென்றது. இன்னும் நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் கரையில் வெட்டிய படிகளும் அகழியில் பிளந்து கிடந்த கோடும் கண்ணில் பட்டன.

பாலத்தில் பார்க்க வேண்டியது அந்தத் தலைதான். உள்ளே நடப்பது இரண்டாம் பட்சம். அது கண்ணில் படக்கூடாது என்றே கட்டிய பாலம். அதை எட்ட நின்று, யாராவது நடந்து போகும்போது பார்க்க வேண்டும். போகிறவர்கள் எல்லாரும் நேராகப் போய் உள்ளே இறங்கி, ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று வந்துவிடுகிறார்கள்.

ஏன் ஒளித்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் அம்மாவுக்கு இன்னும் பிடிக்கும். கோட்டை 1628-ல் கட்டியது. ஸ்பெயினோடு எண்பது வருடம் (1568 முதல் 1648 வரை) சண்டை போட்டார்களே, அந்தக் காலம். அதற்கு ஆறு வருடம் முன்னால், 1622-ல், ஸ்பினோலா என்ற தளபதி பக்கத்திலிருக்கும் பெர்கன் ஓப் ஸோம் நகரத்தை முற்றுகையிட்டுத் தோற்றுப் போயிருந்தார். அந்த நகரத்துக்கும் ஸ்டேன்பெர்கனுக்கும் நடுவே பின்சன், டெ ரோவெரெ, ஹென்ரிக்குஸ் என்று வரிசையாக மண்கோட்டைகள் எழும்பின. இடையில் கிடந்த தாழ்ந்த நிலத்தில், எதிரி வருகிறான் என்று தெரிந்தால் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அதிலும் ஒரு கணக்கு உண்டு. முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே. பீரங்கி வண்டியை இழுத்துக்கொண்டு நடக்க முடியாத ஆழம், படகு மிதக்கப் போதாத ஆழம். அடியில் எங்கே வாய்க்கால், எங்கே வரப்பு என்று வெளியாளுக்குத் தெரியாது. ஒரு அடி தப்பினால் ஆளே உள்ளே. சேறும் தண்ணீருமாக நடவுக்குத் தயாரான வயலில் பூட்ஸோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து பாருங்கள், புரியும்.

நம் ஆட்கள் நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்று நாலு சொன்னார்கள். இந்த நாட்டில் மலைக்கு எங்கே போவது? நீரை வைத்தே நாலு வேலையையும் முடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கோட்டை கவனிப்பாரில்லாமல் மரம் முளைத்துக் கிடந்தது. 2010 வாக்கில் சீர்செய்தபோது, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் உள்ளே வர ஒரு வழி வேண்டியிருந்தது. எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று பயந்து அகழி வெட்டினார்களோ, அதே பக்கத்தில் இப்போது பாலம் கட்ட வேண்டும். நம் வீட்டு வாசலில் பூட்டைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே திண்டு வைத்து ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. பெர்கன் ஓப் ஸோமில் அலுவலகம் வைத்திருந்த ரோ கோஸ்டர், ஆட் கில் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள், அப்படியென்றால் பாலத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று அதைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள். டச்சில் அதன் பெயர் 'லோப்கிராஃப்புருக்'. பதுங்குகுழிப் பாலம் என்று வைத்துக்கொள்ளலாம். மோசே பெயர் ஒட்டிக்கொண்டது, படத்தைப் பார்த்த எல்லாருக்கும் தோன்றுவதுதானே.

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டும். வெளிக்கரையிலிருந்து கீழே, பிறகு கோட்டைப் பக்கம் மேலே. தள்ளுவண்டி வேண்டவே வேண்டாம். நீங்கள் தூக்கிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். மாமியாரை நாங்கள் கூட்டிப் போன அன்று காலையில் தூறல் போட்டிருந்தது. பலகை ஈரமானால் சோப்பு தேய்த்த மாதிரி. எங்கே வழுக்கும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வழுக்கிவிட்டது. விழவில்லை, பக்கச் சுவரின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் முங்கிவிட்டது. சேலை முந்தானையும் கொஞ்சம் நனைந்தது. நான் பதறுகிறேன், அவரோ கையில் ஒட்டியிருந்த பச்சைப் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டுப் பொட்டாக, உளுந்தைவிடச் சின்ன இலைகள். அந்த நேரத்தில் ஒரு நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு, பலகைக்கு ஒரு முழ தூரத்தில் நீந்திப் போனது. அவர் நெஞ்சு உயரத்தில், நேருக்கு நேராக. கரையில் நின்று பறவையை மேலிருந்து பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். அங்கே அதன் கண்ணைப் பார்க்கலாம். சிவப்புக் கண்.

மாமியார் சொன்னது இதுதான்: "குளத்துக்குப் படிக்கட்டு வெச்ச மாதிரியே இருக்கு. குளிக்கத்தான் விடமாட்டேங்கறான்."

அதனால் என் யோசனை: முந்தைய நாளும் மழை இல்லாத, காய்ந்த நாளாகப் பாருங்கள். அம்மாவை முதலில் வெளிக்கரையில் நிறுத்துங்கள். நீங்களும் மகளும் மட்டும் இறங்கி நடந்து காட்டுங்கள். நாலு வயதுக் குழந்தை முழுசாகக் காணாமல் போய்விடும், உங்கள் தலை மட்டும் போகும். அதைப் பார்த்த பிறகு அவருக்கே இறங்கத் தோன்றினால் இறங்கட்டும். இல்லையென்றால் கோட்டைக்குள் போகப் பின்பக்கமாக மண்கரை வழியும் உண்டு. சுற்று கொஞ்சம் அதிகம், ஆனால் படி கிடையாது. திரும்பும்போது மாமியாரை நாங்கள் அப்படித்தான் கூட்டி வந்தோம்.

உள்ளே போம்பேயுஸ் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. 2018-ல் திறந்தது, ஏறக்குறைய 26 மீட்டர் உயரம், பாலம் கட்டிய அதே இருவரின் வடிவமைப்பு. அம்மாவை ஏற்ற வேண்டாம். ஆனால் நீங்கள் ஏறுங்கள். கோட்டை இருப்பது ஒரு மேட்டு நிலத்தின் ஓரத்தில், பிரபான்ட் மேடு என்பார்கள். ஒரு பக்கம் மணலும் மரமுமாக உயரம், இன்னொரு பக்கம் பலகை மாதிரித் தட்டையான வயல். எங்கே தண்ணீர் விட்டார்கள், ஏன் அங்கே விட்டார்கள் என்று மேலே நின்றால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

மூன்றாவது முறை போனது ஜனவரியில், அகழி உறைந்திருந்தபோது. அதைத் தனியாக எழுத வேண்டும். பனிக்கட்டிக்குள் ஒரு ஓக் இலை, காம்போடு, நெஞ்சு உயரத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரி நின்றது. உங்கள் அம்மா அதுவரை இருக்கப்போவதில்லை, விடுங்கள்.

சிவில்காரன்:

அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் பத்து நிமிடத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் நேராக உள்ளே இறங்கி செல்ஃபி எடுத்த கூட்டத்தில் ஒருவன்தான்.

நான் பார்த்தது வேறு, தொழில் புத்தி. தண்ணீருக்குள் மரத்தைப் போட்டிருக்கிறார்களே, எத்தனை வருடம் தாங்கும் என்றுதான் முதலில் யோசித்தேன். அது அக்கோயா என்ற மரம். காட்டு மரம் இல்லை, சீக்கிரம் வளர்கிற ரேடியாட்டா பைன். அதை அசெட்டிக் அன்ஹைட்ரைடில் ஊற வைத்துச் சூடாக்குகிறார்கள். தண்ணீரைப் பிடித்து இழுக்கிற வேதித் தொகுதிகள் மரத்துக்குள் நிறைய உண்டு. அந்த இடத்தில் அசெட்டைல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் பிறகு மரம் ஊதுவது, சுருங்குவது எல்லாம் வெகுவாகக் குறைந்துவிடும், பூஞ்சையும் அதைத் தன் தீனியாக நினைக்காது. சுருக்கமாகச் சொன்னால் மரத்துக்கு ஊறுகாய் போட்டிருக்கிறார்கள். கேலி இல்லை, புதிதாக அறுத்த அக்கோயாவை முகர்ந்தால் வினிகர் வாசனைதான் வரும். செய்கிற ஆலை இங்கேயே ஆர்னெமில் இருக்கிறது. மண்ணிலும் நன்னீரிலும் கிடந்தால் 25 வருடம், தரைக்கு மேலே என்றால் 50 வருடம் என்று உத்தரவாதம் கொடுக்கிறார்கள்.

மரம் மட்டும் தண்ணீரைத் தடுக்காது. நடுவில் இபிடிஎம் ரப்பர்த் தாள் இருக்கிறது. இங்கே தட்டைக் கூரை வீடுகளில் மேலே விரிக்கிறார்களே, அதேதான். வீட்டுக் கூரையில் தண்ணீர் மேலிருந்து வரும், இங்கே பக்கவாட்டிலிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னிடம் நண்பர்கள் எப்போதும் கேட்பது, மழை பெய்து அகழி நிரம்பினால் பாலம் முழுகாதா என்று. அகழியின் இரண்டு பக்கமும் அணை இருக்கிறது. தண்ணீர் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வந்தால் அதன் மேல் வழிந்து போய்விடும். நம் ஏரிக்குக் கலிங்கு வைக்கிற அதே வேலை. ஏரி எத்தனை மழைக்கும் கலிங்கு மட்டத்தைத் தாண்டிப் பெரிதாக ஏறாதில்லையா? அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் பலகையைத் தண்ணீர் மட்டத்தோடு ஒரு சாண் வித்தியாசத்தில் நிறுத்தத் துணிந்தார்கள். ஆற்றில் இதைச் செய்ய முடியாது.

இன்னொன்று. காலி அண்டாவைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள், கையை எப்படித் தள்ளுகிறது என்று. இந்தப் பாலமும் ஒரு நீளமான காலி அண்டா. மற்ற பாலங்களில் விழாமல் தாங்குவது கவலை. இதில் எழும்பாமல் பிடித்து வைப்பதும் ஒரு கவலை.

பண்ணைப்பாலம்:

நான் யாழ்ப்பாணம், இப்ப பிரெடாவில். இங்கே எழுதுவது குறைவு, ஆனால் இந்தக் கோட்டையைப் பற்றி என்றபடியால் எழுதுகிறேன்.

என்ர அப்பாவை நான் அங்கே கூட்டிக்கொண்டு போனது அவர் இங்கே வந்த முதல் கோடையில். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில்தான் எங்கட வீடு இருந்தது. 1658-ல் போர்த்துக்கேயரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த கோட்டை. அதை இடித்துத் தங்கட முறைப்படி ஐங்கோணமாகக் கட்டினார்கள், சுற்றி அகழியும் வெட்டினார்கள். உள்ளே 1706-ல் கட்டின சிலுவைத் தேவாலயம் ஒன்று இருந்தது, அது சண்டையில் போய்விட்டது. அப்பா சின்ன வயதில் அந்த அகழிக் கரையில் பட்டம் விட்டவர். ஆகவே இங்கத்தைய கோட்டையைப் பார்த்ததும் அவருக்கு வந்த முதல் சந்தேகம், "கல்லெங்கே?" என்று. எங்கட கோட்டை முருகைக்கல்லில் கட்டினது. இவர்கள் தங்கட சொந்த ஊரில் வெறும் மண்ணைக் குவித்து வைத்திருக்கிறார்களே என்று ஒரே சிரிப்பு. பிறகு நான் சொன்னேன், பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் சிதறும், மண்ணில் பட்டால் புதைந்துபோகும் என்று. அதைக் கேட்டுவிட்டு மண்மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேங்காய்ப்பத்தை அக்கா சொன்ன பெயர், பதுங்குகுழிப் பாலம், அங்கே ஒரு பலகையிலும் எழுதிக் கிடந்தது. அதை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிப்போட்டு இறங்கினேன். எனக்குப் பின்னால் அவர் இறங்கினார். உள்ளே நாலைந்து அடி வந்ததும் திரும்பிப் பார்க்கிறேன், தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார். சுவர் அவருக்கு நெஞ்சுக்குக் கீழேதான், குனிய ஒரு தேவையும் இல்லை. "ஏனப்பா குனியுறீங்கள்" என்று கேட்டேன். "நான் குனியேல்லையே" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. பங்கருக்குள் இருந்து பழகின உடம்பு.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. மேலே ஏறி ஒரு வாங்கில் இருந்து இடியப்பம் சாப்பிட்டோம்.

பாலாற்றங்கரை, உங்கட அம்மாவுக்கு இந்தப் பிரச்சினை ஒன்றும் இல்லை, சந்தோசமாகப் போய் வாருங்கள். சாப்பாடு கையோடு கொண்டு போங்கள். அகழிக்கு முன்னால் புல்லில் விரித்து இருக்க நல்ல வடிவான இடம்.

பாலாற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. பண்ணைப்பாலம் அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

காரிலா, ரயிலிலா என்று இன்னும் முடிவாகவில்லை. மனைவிக்கு வார இறுதியில் வேலை வந்தால் கார் அவளிடம் இருக்கும். ரயிலில் போனால் கோட்டைவரை எப்படி?

தேங்காய்ப்பத்தை:

அம்மாவும் குழந்தையும் கூட இருந்தால் கார்தான். ஏ58 நெடுஞ்சாலையைப் பிடித்தால் தில்பர்க், பிரெடா, ரோசன்டால் என்று எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயில் என்றால் பெர்கன் ஓப் ஸோமில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர். தனியாளுக்கு வாடகை சைக்கிள் போதும். உங்கள் படையோடு அது சரிப்படாது.

காரில் போனால் இன்னொன்றும் செய்யலாம். திரும்பும்போது பெர்கன் ஓப் ஸோம் ஊருக்குள் போங்கள். ஊரைச் சுற்றி முன்பு பெரிய கோட்டை இருந்தது. கூகோர்ன் என்ற பொறியாளர் பலப்படுத்தியது, யாராலும் பிடிக்க முடியாது என்று பெயர் வாங்கியது. 1747-ல் லோவெண்டால் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை இரண்டு மாதத்தில் பிடித்துவிட்டது. 'யாராலும் முடியாது' என்று பெயர் வாங்கியவற்றின் கதை எல்லா ஊரிலும் இதுதான் போலிருக்கிறது. அந்தக் கோட்டையில் மிஞ்சி நிற்பது தண்ணீருக்கு நடுவே தீவு மாதிரி ஒரு சின்ன அரண், ரவெலைன் என்பார்கள். அதற்கும் மரத்தில் ஒரு நடைபாலம் உண்டு. கட்டியது அதே இரண்டு பேர். ஆனால் இது மிதக்கிற பாலம். ஆதியில் அந்தத் தீவுக்குச் சாமான் கொண்டு போன துடுப்புப் படகுகள் எப்படி வளைந்து போயிருக்குமோ, அதே வளைவில் தண்ணீர் மேல் கிடக்கிறது. அம்மாவுக்குப் படி இறங்கும் வேலை இல்லை.

ஒரே ஊர், ஒரே ஆட்கள். ஒரு பாலத்தை முக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்றை மிதக்கவிட்டிருக்கிறார்கள். ஒழுங்காக நிற்கிற பாலம் மட்டும் அவர்களுக்குப் பிடிக்காது போல.

பாலாற்றங்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். போன ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். அதற்கு முன் நாலு நாள் மழையே இல்லை, பலகை நன்றாகக் காய்ந்திருந்தது.

அக்கா சொன்னபடியே அம்மாவை வெளிக்கரையில் நிறுத்தினேன். பாலம் எங்கே என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் அகழியைத்தான் பார்த்தார். "நம்ம ஊர் அகழி இதைவிடப் பெரிசு, கல்லுக்கட்டு வேற" என்றார். எதிர்பார்த்ததுதான். பேத்தியிடம் வேலூர் அகழியில் முன்பு முதலை விட்டிருந்தார்கள் என்று ஆரம்பித்தார். அந்தக் கதையில் போன தடவை நூறு முதலை, இந்தத் தடவை பத்தாயிரம். அவள் இங்கேயும் முதலை இருக்கிறதா என்று கேட்க, "இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவளைப் பாலத்தில் இறக்க நான் பட்ட பாடு தனி.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாலு எட்டு நடந்ததும் கரையிலிருந்து அம்மாவின் குரல்: "டேய், புள்ள எங்கடா?" நான் இருக்கிறாள் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். "புள்ளயக் காணோம்டா, உன் தலைதான் போவுது!" பக்கத்தில் நின்ற டச்சுத் தம்பதிக்கு ஒரு சொல் புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது, சிரித்தார்கள். நான் திரும்பி வருகிறேன் என்று கத்தினால், "வராதே, இன்னொரு தபா போ" என்கிறார். மூன்று தடவை போய் வரவைத்தார். மூன்றாவது தடவை பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார், தண்ணீர் மேல் அவள் உட்கார்ந்து போகிற மாதிரி வரும் என்று. அவரே வீடியோ எடுத்தார்.

பிறகு அவரும் இறங்கினார். பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து. உள்ளே வந்ததும் விளிம்பில் கை வைத்து, தண்ணீரில் ஒரு விரலை மட்டும் நனைத்துப் பார்த்தார். நடுவில் நின்றுகொண்டு பலகையைத் தட்டினார். ஊறுகாய் மரம் என்று சிவில்காரன் எழுதியதைச் சொல்லியிருந்தேன். குனிந்து முகர்ந்து, "வினிகர் வாசனை ஒண்ணும் இல்லை, பழசாயிடுச்சு" என்று தீர்ப்பு சொன்னார். அந்தப் பக்கம் ஏறுவதற்கு அவர் காலுக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது பின்பக்க மண்கரை வழிதான்.

கோபுரத்தில் நான் மட்டும் ஏறினேன். புல்லில் விரித்துப் புளியோதரை சாப்பிட்டோம். மிதக்கும் பாலத்துக்குப் போக நேரமில்லை, குழந்தை தூங்கிவிட்டாள்.

இரவு அம்மா தான் எடுத்த படங்களில் ஒன்றைத் தெருப் பெண்கள் குழுவில் போட்டார். 'இது ஜெர்மனி இல்லை, நானே போய் வந்தேன்' என்று கீழே எழுதினார். வெறும் அகழியும் புல்மேடும்தான் அந்தப் படத்தில். ஐந்து நிமிடத்தில் எதிர்வீட்டு அக்காவின் பதில்: "பாலம் எங்க?" அம்மா இன்னும் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு உதவி. வெளிக்கரையில், படிக்கு முன்னால் இருக்கும் பெஞ்சில் அம்மாவின் நீலப்பூ போட்ட குடையை விட்டுவிட்டு வந்துவிட்டோம். ரோசன்டால் பக்கம் இருப்பவர்கள் யாராவது இந்த வாரம் அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குடை.

தேங்காய்ப்பத்தை:

வியாழக்கிழமை எனக்கு லீவு. போய்ப் பார்க்கிறேன் தம்பி.